விரத நாளும் காலைக் குளிசையும்: வீட்டுப் பராமரிப்புக்குப் புதிதாக வந்தவரின் முதல் மூன்று மாதங்கள்

பின்னணி

யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு வீட்டில் இரண்டு சகோதரிகள் வசிக்கிறார்கள். அக்காவுக்கு 79 வயது, தங்கைக்கு 72. அக்காவுக்கு நீண்டகாலச் சலரோகமும் பிரஷரும் உண்டு. விறாந்தைப் படியில் விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, இடுப்பில் அரை மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. வீட்டுக்கு வந்து ஆறு வாரம் தங்கையே பார்த்தார். அவருக்கே நாரிப்பிடிப்பு வந்துவிட, ரொறன்ரோவில் இருக்கும், அக்காவின் மகள் தெரிந்தவர் மூலம் ஒரு பராமரிப்பாளரை ஒழுங்கு செய்தார்.

வந்தவர் தென்மராட்சியைச் சேர்ந்த 24 வயதுப் பெண். முதியோர் பராமரிப்பில் என்விகியூ (தேசிய தொழில் தகைமை) மட்டம் 3 சான்றிதழ் பெற்றிருந்தார். பயிற்சியில் படுக்கையில் குளிப்பாட்டுவது, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது, பிரஷர், சீனி பார்ப்பது எல்லாம் செய்திருக்கிறார். ஒரு வீட்டில் தங்கி வேலை செய்வது இதுவே முதல் தடவை.

வேலை தொலைபேசியில் பேசி முடிந்தது. “அம்மாவைப் பார்க்கிறதுதான் வேலை, வேற ஒண்டும் இல்லை” என்றார் மகள். எழுத்தில் எதுவும் இல்லை. சமையல் யாருடையது, இரவில் எழும்பினால் பகலில் ஓய்வு உண்டா, வாரத்தில் எந்த நாள் லீவு, அவசரத்தில் முடிவெடுப்பது யார் என்ற நான்கையும் எவரும் கேட்கவில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததன் விலை ஐந்தாம் வாரத்தில் தெரிந்தது.

முதல் வாரம்: கண்டவை

இத்தகைய சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல் மூன்று மாதமளவும் இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, அந்தக் கால் உட்பக்கம் திரும்பக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். கிளினிக் கொப்பியிலும் அப்படியே எழுதியிருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து வீடு தாழ்வானவற்றால் நிறைந்தது: பலகை, பாய், சாய்மனைக் கதிரை, குந்தும் மலசலகூடம். பராமரிப்பாளர் முதல் நாளே இருக்கை உயரங்களைப் பார்த்தார். இருந்தால் முழங்கால் இடுப்பை விட மேலே வரக்கூடாது என்பதே அளவு. கைபிடி உள்ள பிளாஸ்டிக் கதிரை போதிய உயரம். ஆனால் பளபளக்கும் சீமெந்து நிலத்தில் அதன் கால் வழுக்கும், ஆகவே எப்போதும் சுவரோடு ஒட்டி வைத்தார். கட்டிலுக்கு அருகே கொமட் கதிரை வந்தது. சாய்மனைக் கதிரையை மட்டும் அகற்ற முடியவில்லை. அது காலமான கணவருடையது.

நடக்கும்போது முதலில் வோக்கர், பிறகு சத்திரசிகிச்சை செய்த கால், பிறகு நல்ல கால். பராமரிப்பாளர் இடது பக்கம் அரை அடி பின்னால் நின்று, இடுப்பில் கட்டிய பட்டியைப் பிடித்தார். கமக்கட்டில் கை கொடுத்துத் தூக்குவதுதான் தங்கையின் பழக்கம். வயதானவரின் தோள் மூட்டு அதில் நழுவும், தூக்குபவரின் நாரியும் போகும்.

நான்காம் நாள் கால் கழுவும்போது இடது குதிக்காலில் ஒரு ரூபாக் குற்றியளவு இடம் சுற்றியுள்ள தோலை விடக் கருத்திருந்தது. புத்தகங்களில் “சிவத்தல்” என்று படித்துவிட்டு வருபவர்கள் இதைத் தவறவிடுவது வழக்கம். எங்கள் தோலில் அழுத்தப்புண்ணின் தொடக்கம் சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த கருமை, சுற்றியுள்ள இடத்தை விடச் சூடு அல்லது குளிர், தொட்டால் கல் போலவோ சேறு போலவோ ஒரு வேறுபாடு ஆகியவற்றையே தேட வேண்டும். விரலால் சில விநாடி அழுத்தி விட்டபோது நிறம் மாறவில்லை. அது முதல் நிலை. நீண்டகாலச் சலரோகத்தில் கால் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்கு நோவு இல்லை.

காரணம் கட்டிலிலேயே இருந்தது. தும்பு மெத்தை நடுவில் பள்ளமாகி, அசைக்கப் பயந்த இடது காலின் குதி இரவு முழுக்க ஒரே இடத்தில் ஊன்றியிருந்தது. தங்கை நல்லெண்ணெய் சுடவைத்துத் தேய்த்து வந்தார். அழுத்தத்தால் நொந்த தோலைத் தேய்ப்பது உள்ளே இருக்கும் சிறு குழாய்களை மேலும் கிழிக்கும். பராமரிப்பாளர் தேய்ப்பதை நிறுத்தி, தலையணியைக் கெண்டைக்கால் நெடுகிலும் வைத்து, குதி மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கச் செய்தார். முழங்காலுக்கு மட்டும் தலையணி வைத்தால் குதி இன்னும் அழுந்தும். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினார். பக்கம் சரிக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணி, அது இடுப்பு மூட்டுக்காக. ரப்பர் வளையம் வாங்கச் சொன்ன அயலவருக்கு வேண்டாம் என்றார். வளையம் நடுப்பகுதியைக் காப்பாற்றுவது போலத் தோன்றினாலும் விளிம்பில் இரத்த ஓட்டத்தை அடைக்கும். பத்து நாளில் கருமை மங்கியது.

முதல் வேலையில் இவ்வளவு கவனிக்கும் ஒருவர் ஐந்தாம் வாரத்தில் ஏன் தடுமாறினார் என்பதே இந்த ஆய்வின் மையம்.

மெல்ல மாறிய வேலை

இரண்டாம் வாரத்தில் முற்றம் கூட்டுவதும் அவர் தலையில் விழுந்தது, மூன்றாம் வாரத்தில் மத்தியானச் சமையல். தங்கைக்கு நாரி ஏலாது, கேட்டால் மறுக்க முடியாது, வேலைக்குப் புதியவர். நல்லூர்க் கந்தன் கொடியேற்றத்தோடு உறவினர் வருகையும் தொடங்கியது. 25 நாளும் மரக்கறிச் சமையல். காலை 8 மணியிலிருந்து பராமரிப்பாளர் குசினியில், அக்கா விறாந்தையில் தனியே.

சகோதரிகள் இருவரும் கொடியேற்றத்திலிருந்து ஒருநேர உணவு. முதல் நாட்களில் அக்கா காலையில் ஒரு கோப்பை பாலும் ஒரு கப்பல் வாழைப்பழமும் எடுத்தார். பராமரிப்பாளர் கொப்பியில் அதையும் எழுதினார். அதே பக்கத்தில் காலைக் குளிசைகளும் வழமைபோல எழுதப்பட்டிருந்தன: சலரோகத்துக்கு 6.45க்குக் கிளிக்கிளசைட் 80 மில்லிகிராம், சாப்பாட்டோடு மெற்போர்மின் 500, பிரஷருக்கு அற்றெனலோல் 50. உணவு பாதிக்கும் கீழே போனது, குளிசை அப்படியே நின்றது. இரண்டும் ஒரே கையெழுத்தில் ஒரே பக்கத்தில் இருந்தும் எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சீனி அளவு ஞாயிறு காலை வெறுவயிற்றில் மட்டும் பார்க்கப்பட்டது. ஸ்ரிப் விலை அதிகம், ஆகவே வாரத்தில் ஒன்று என்பது வீட்டு விதி. அந்த வாரம் 118. கிளினிக்கில் பாராட்டு வாங்கும் எண்தான். ஆனால் காலைக் குளிசை வேலை செய்யும் நேரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முற்பகலில் என்ன நடக்கிறது என்பதை அந்த 118 சொல்லவே முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை

அக்கா 4 மணிக்கே எழும்பினார். கதிரையில் இருத்திக் குளிக்க வார்த்து, தலை துவட்டி, சேலை உடுத்திவிட்டு, 6.45க்குக் குளிசைகளைத் தண்ணீரோடு கொடுத்தார் பராமரிப்பாளர். 7.15க்குப் பாலும் பழமும் கொண்டுபோனபோது, வெள்ளிக்கிழமை என்பதால் மத்தியானப் பூசை முடியும்வரை தண்ணி மட்டும்தான் என்றார் அக்கா. பராமரிப்பாளருக்கு மனம் ஒப்பவில்லை. மகளுக்கு வட்ஸ்அப்பில் செய்தி போட்டார். ரொறன்ரோவில் அப்போது இரவு 9.50, பதில் உடனே வந்தது: “அம்மா வருசா வருசம் பிடிக்கிற விரதம். மறிக்காதேங்கோ.” குளிசை ஏற்கெனவே போய்விட்டது என்று அவர் எழுதவில்லை, மகளும் கேட்கவில்லை.

8.00 முதல் 10.10 வரை குசினி.

10.10க்கு எட்டிப் பார்த்தபோது அக்கா சாய்மனைக் கதிரையில் நித்திரை. தங்கை, “அவ நாலு மணிக்கே எழும்பினவ. கொஞ்சம் கிடக்கட்டும், எழுப்பாத பிள்ளை” என்றார். பராமரிப்பாளர் கிட்டப் போனார். மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க, கழுத்தும் சட்டையின் முதுகும் ஈரம். தொட்டால் குளிர்ந்த வியர்வை. கூப்பிடக் கண் திறந்தவர், எப்போதோ செத்துப்போன இன்னொரு சகோதரியின் பெயரைச் சொல்லி அழைத்தார். கை நடுக்கம் இல்லை. அதனால் ஒரு கணம் சந்தேகம் வந்தது. அற்றெனலோல் எடுப்பவர்களுக்குச் சீனி இறங்கும்போது நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் மறைந்துபோகலாம், வியர்வை மறையாது. சீனி வருத்தமும் பிரஷரும் சேர்ந்த முதியவர்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. இந்த ஒரு விடயத்தைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லவேண்டும்.

10.20க்கு மகளுக்கு அழைப்பு, பதில் இல்லை. அங்கே நள்ளிரவு தாண்டி 12.50. 10.25க்குக் குளுக்கோமீற்றர் கேட்டார். அது அலுமாரியில், சாவி தங்கையின் சேலை முடிச்சில், அலுமாரிக்குள் எந்த லாச்சி என்று தங்கைக்கே நினைவில்லை. 10.33க்குக் கிடைத்தது. முதல் ஸ்ரிப் பிழை காட்டியது. போத்தலின் மூடி சரியாக மூடாமல் ஈரக்காற்றுப் பட்டிருந்தது. இரண்டாவது 46 காட்டியது. 70க்குக் கீழே போனாலே சீனி இறக்கம், 54க்குக் கீழே ஆபத்தான இறக்கம்.

இங்கே இன்னொரு தடை. சீனித் தண்ணி கரைக்கப் போனபோது தங்கை கையைப் பிடித்தார்: “சலரோகக்காரிக்கு ஆரும் சீனி குடுப்பினமோ?” பராமரிப்பாளர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. மீற்றரின் எண்ணைக் காட்டி, “இது நூறுக்குக் கிட்ட நிக்கவேணும், அன்ரி. இப்ப சீனி குடுக்காட்டி அம்மம்மா மயங்கிப்போவா” என்று ஒரே வசனம் சொன்னார். அது போதுமாக இருந்தது.

அக்காவை நிமிர்த்தி இருத்தி, முதலில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து விழுங்குவதைப் பார்த்தார். இருமல் இல்லை. பிறகு மட்டம் தட்டிய 4 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லப் பருக்கினார். அது ஏறக்குறைய 16 கிராம். 10.37க்கு அயல்வீட்டுப் பையன் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தான். 10.52க்கு 63. அதே அளவு சீனி மீண்டும். 11.07க்கு 88, பேச்சும் தெளிந்தது.

சீனித் தண்ணி ஏற்றும் அளவு நெடுநேரம் நிற்காது. பின்னால் ஒரு சாப்பாடு போக வேண்டும். பாண் கொடுத்தால் அக்கா வாயை மூடிக்கொண்டார், பூசை முடியவில்லை. அங்கே தங்கைதான் உதவினார். நெற்றியில் திருநீறு பூசி, “முருகன் கோவிக்கமாட்டார் அக்கா” என்று சொல்லிப் பாலும் வாழைப்பழமும் ஊட்டினார். கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸ் வந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் நியாயமும்

88 வந்த பிறகும் வைத்தியசாலைக்கு ஏன் அனுப்பவேண்டும் என்று உறவினர்கள் கேட்டார்கள். அனுப்பியதே சரி. கிளிக்கிளசைட் போன்ற குளிசை கணையத்தைத் தொடர்ந்து இன்சுலின் சுரக்கச் செய்வது. அதன் வேலை பல மணித்தியாலம் நீளும், சிறுநீரகம் தளர்ந்த முதியவரில் இன்னும் நீளும். பகல் நன்றாக இருந்தவர் மாலையில் மறுபடி இறங்கலாம். அவரை அடுத்த நாள் வரை வைத்துப் பார்த்தார்கள். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத் தொழிற்பாடு முன்பை விடக் குறைந்திருந்தது. காலைக் கிளிக்கிளசைட் 40 ஆக்கப்பட்டது, இரவுக் குளிசை நிறுத்தப்பட்டது.

பராமரிப்பாளர் செய்ததில் மிகச் சரியானது வியர்வையை நம்பியது. நித்திரை என்று பெரியவர் ஒருவர் சொன்ன பிறகும் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார், பெயர் கூப்பிட்டுப் பேச்சைச் சோதித்தார். விழுங்கும் திறனைப் பார்த்துவிட்டே சீனி கொடுத்ததும் சரி. அக்கா மயங்கியிருந்தால் வாயில் எதையும் வைத்திருக்கக்கூடாது. பக்கவாட்டில் சரித்துவிட்டு 1990 மட்டுமே. சிலர் கடைவாயில் சீனி பூசுவார்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

பிந்தியது மூன்று இடத்தில். மகளின் பதிலுக்குக் காத்த ஐந்து நிமிடம், மீற்றரைத் தேடிய எட்டு நிமிடம், தங்கையோடு நின்ற சிறு நேரம். மீற்றர் கைக்கு வராவிட்டால் தேடிக்கொண்டிருக்காமல் சீனியைக் கொடுப்பதே முறை. சீனி ஏறியிருந்தவருக்கு 16 கிராம் பெரிய தீங்கு செய்யாது, இறங்கியிருந்தவருக்கு எட்டு நிமிடத் தாமதம் செய்யும்.

ஆனால் இந்த 27 நிமிடத்தை விட அதற்கு முந்திய இரண்டு செயல்களே கனமானவை. ஒன்று, சாப்பிடுவாரா என்று கேட்காமல் 6.45க்குக் குளிசை கொடுத்தது. சாப்பாட்டுக்கு அரை மணி முன் கொடுக்கவேண்டிய குளிசை என்றால், சாப்பாடு சமைத்து மேசைக்கு வரப்போகிறது, அவர் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார் என்ற இரண்டும் தெரிந்த பிறகே அது கைக்கு வரவேண்டும். மற்றது, அந்த இரண்டு மணி நேரக் குசினி. அதைப் பராமரிப்பாளரின் கவனக்குறைவு என்று எழுதுவது அநியாயம். ஒருவரைப் பார்க்க என்று எடுத்த ஆளை விருந்துச் சமையலுக்கு விட்டால், பார்க்கிற ஆள் வீட்டில் இல்லை என்றுதான் கணக்கு.

பின்னர் நடந்தது

மகள் மறுநாள் காணொளி அழைப்பில் வந்தார். முதலில் கோபம். அது ஆறியதும் ஒரு பக்கத்தில் ஐந்து விடயம் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டப்பட்டது. யாழ்ப்பாண நேரம் காலை 9 முதல் மாலை 4 வரை மகளின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பராமரிப்பாளர் முடிவெடுக்கலாம், பிறகு அறிவித்தால் போதும். குளிசையின் அளவை மாற்றுவது வைத்தியர் மட்டும். பராமரிப்பாளர் செய்யக்கூடியது, சாப்பாடு உறுதியாகாவிட்டால் சீனிக் குளிசையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குத் தொலைபேசி எடுப்பது. குளுக்கோமீற்றர், ஸ்ரிப் போத்தல், குளுக்கோஸ் பவுடர் மூன்றும் கட்டிலடி மேசையில், பூட்டில்லாமல். சமையலுக்கு அயலில் ஒரு அம்மா காலை மட்டும் வருவார். பராமரிப்பாளருக்கு ஞாயிறு லீவு.

விரதம் பற்றிக் கிளினிக்கில் வைத்தியரிடம் நேராகக் கேட்டார்கள். அவர் பட்டினி வேண்டாம் என்றார். அக்கா பேரம் பேசினார். முடிவில் காலை பாலும் பழமும் கட்டாயம், குறைத்த குளிசை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் என்று வைத்தியரே நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். மிச்ச விரத நாட்களில் முற்பகல் 10.30க்கு ஒருமுறை சீனி பார்க்கப்பட்டது, 100க்கும் 160க்கும் இடையில் நின்றது. தேருக்கும் தீர்த்தத்துக்கும் அக்கா தொலைக்காட்சியின் முன் உயரக் கதிரையில் இருந்தார். சாய்மனைக் கதிரையின் மேல் இப்போது பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது. அது பராமரிப்பாளரின் தந்திரம்.

மூன்றாம் மாத முடிவில் அக்கா விறாந்தை நெடுகப் பிடிபட்டியோடு நடக்கிறார். குதிக்கால் சுத்தம். பராமரிப்பாளர் அதே வீட்டில் தொடர்கிறார்.

மாற்ற வேண்டியவை

கொப்பி எழுதும் முறை மாறியிருக்கிறது. முன்பு ஒரே பக்கத்தில் இருந்தாலும் உணவும் மருந்தும் தனித்தனிப் பட்டியல்தான். இப்போது ஒரே வரியில்: நேரம், என்ன சாப்பிட்டார், எவ்வளவு மிச்சம், அதற்கு எந்தக் குளிசை, எப்படி இருந்தார். “நல்லாச் சாப்பிட்டா” என்று எழுதுவதில்லை, “3 இடியப்பம், சொதி, அரை முட்டை, 1 இடியப்பம் மிச்சம்” என்று எழுதுகிறார். வரியில் சாப்பாட்டுக் கட்டம் வெறுமையாக இருந்தால் குளிசைக் கட்டம் தானாகவே கேள்வி கேட்கும்.

வேலைக்கு வருபவர் முதல் நாளே வீட்டாரிடம் கேட்டு எழுதவேண்டிய ஒன்று பயிற்சி நெறிகளில் இல்லை: இந்த வீட்டில் என்னென்ன விரதம், எந்த நாளில், எந்த நேரம் வரை, எதை எடுக்கலாம். கந்தசஷ்டி ஆறு நாள், கௌரி காப்பு, வெள்ளி, பிரதோஷம், கத்தோலிக்க வீடென்றால் தவக்காலம், முஸ்லிம் வீடென்றால் நோன்பு. பட்டியலோடு முதல் கிளினிக் நாளிலேயே வைத்தியரிடம் போனால் குளிசை நேரம் முன்கூட்டியே மாறும். முதியவரிடம் விரதம் வேண்டாம் என்று வாதாடுவதை விட அது இலகு.

முடிவெடுப்பவரின் நேர வலயத்தையும் கேட்கவேண்டும். ரொறன்ரோ கோடையில் எங்களுக்கு ஒன்பதரை மணி பின்னால், மாரியில் பத்தரை. லண்டன் நாலரை, மாரியில் ஐந்தரை. வீட்டில் முற்பகல் என்றால் கனடாப் பிள்ளை நித்திரை. உள்ளூரில் இரண்டாவது பெயர் ஒன்று இல்லாமல் வேலையைத் தொடங்கக்கூடாது.

தீராதவையும் உண்டு. ஸ்ரிப் செலவு பற்றி மாதக் கடைசியில் இன்னும் முணுமுணுப்பு வருகிறது. ஞாயிறு லீவுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. அன்று தங்கைதான் பார்க்கிறார். சனி இரவே பராமரிப்பாளர் குளிசைகளை நேரம் எழுதிய சிறு பெட்டியில் பிரித்து வைத்துவிட்டுப் போகிறார், சீனிக் குளிசையின் கட்டத்தின் மேல் சிவப்பு ஒட்டுத்தாள். தட்டில் சாப்பாடு போட்டபிறகே அதைக் கிழிக்கவேண்டும் என்று தங்கைக்குச் சொல்லி, இரண்டு ஞாயிறு கூடவே நின்று செய்துகாட்டினார். அந்த இரண்டு ஞாயிறுக்கும் லீவு இன்னும் கொடுபடவில்லை.